படிக்கட்டு இல்லாத கடற்கரை

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நீ, கொழுந்தனார், பாப்பா எல்லோரும் சௌக்கியம்தானே? பாப்பாவுக்கு இந்த வருஷமும் கண்ணாடிப் பவர் ஏறிவிட்டதா?

கடிதத்தை உன் கண்ணாடிக் கடை விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் கொழுந்தனார் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். போனில் பேசலாம் என்றால், எங்கள் வீட்டுப் போன் இப்போது இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மே மாதம் பாப்பாவுக்கு லீவுதானே? நாம் ஐந்து பேரும் ஏதாவது ஒரு கடற்கரை ஊரில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் என்ன?

நாற்காலியிலிருந்து விழுந்துவிடாதே. ஆரம்பித்தது நான் இல்லை. போன வாரம் இவருடைய சட்டைகளை எல்லாம் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "கடலைப் பாக்கணும்போல இருக்கு. எல்லாருமா போகலாம்" என்றார். "எல்லாரும்னா யாரு?" என்று கேட்டேன். "எல்லாருந்தான். அதுல என்ன கேள்வி?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தின இந்த ஆறு வருஷத்தில் அவர் வாயில் அந்தச் சொல் வந்தது இதுதான் முதல் தடவை. நழுவ விட எனக்கு மனசில்லை.

ஊரை நீ தேடு. நான் சட்டை ஆலையில் பிசிறு நூலும் கோணல் தையலும் தேடியே சம்பளம் வாங்குகிறவள். எனக்கு எந்த ஊரும் பிடிக்காது. நீ சொல்லு, நான் கழித்துக்கட்டுகிறேன்.

பாப்பாவுக்கு முத்தம்.
அக்கா

பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். பாப்பாவுக்கு அரைப் புள்ளி ஏறியிருக்கிறது. அவள் கண்ணாடியை நானே தேய்த்து மாட்டிக் கொடுத்தேன். உங்கள் உறையைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டேன்!

அன்றைக்கே இவரிடம் பேச்சை எடுத்தேன். முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், "அவன் கூப்பிடட்டும், வர்றேன்" என்றார். "அக்கா கூப்பிட்டா அது அவர் கூப்பிட்ட மாதிரிதானே?" என்றேன். "அன்னைக்கு வராந்தாவுல நின்னு அவன் கேட்டதை அக்காவா கேட்டாங்க?" என்றார்.

எனக்கும் அது காதிலேயே நிற்கிறது. மாமாவின் மூச்சுக் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி, இவர் கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்து உங்கள் ரயில் வந்தது. "நிமிஷம் நிமிஷமா பஸ்ஸுக்கு நேரம் பாக்குறவனுக்கு மூணு மணி நேரம் பொறுக்க முடியலையா? அப்பாவைக் கொன்னுட்டேடா" என்று பெரியவர் கத்தினார். துடைப்பத்தோடு நின்ற பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

இருக்கட்டும். மூன்று ஊர் சொல்கிறேன். ஒன்று, கலங்கரை விளக்கம் இருக்கிற ஊர். பாறையில் அலை அடிக்கிற அழகுக்கே கூட்டம் வருமாம். இரண்டாவது, நீள மணல் ஊர். ஓட்டல்கள், ராட்டினம், பாப்பாவுக்குக் கொண்டாட்டம். மூன்றாவது, மீன்பிடித் துறைமுகம் உள்ள சின்ன ஊர். படகில் ஏற்றிக் காட்டுவார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரியவருக்குத் திடீரென்று கடல் ஆசை எப்படி வந்தது? மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மேஜையை விட்டு ஒரு நாள் எழுந்திருக்காத மனுஷர் ஆயிற்றே.

உங்கள்
தங்கச்சி

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. இங்கே வெயில் ஏறிவிட்டது. மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

விளக்கு ஊர் வேண்டாம். ஆலையில் கூட வேலை பார்க்கிறவள் போயிருக்கிறாள். கடலுக்கு இறங்க எண்பத்து நான்கு படியாம். மணல் ஊர் அழகுதான், ஆனால் ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸில் ஐந்து மணி நேரம் குலுங்க வேண்டும். துறைமுக ஊரில் மீன் வாடை இருக்கும். இவருக்கு இப்போது எந்த வாடையும் ஆவதில்லை. நான் தாளிப்பதையே நிறுத்திவிட்டேன்.

படி இருக்கக் கூடாது, தரைத் தளத்து அறை, குளியலறை உள்ளேயே வேண்டும், சத்தம் கூடாது. இப்படி ஒரு ஊர் பார். ராட்டினம் இல்லை என்று பாப்பா கோபித்துக்கொண்டால் பெரியம்மா மேல் பழியைப் போடு.

கடல் ஆசை எப்படி வந்தது என்று கேட்டாய். ஆசைக்கு என்ன காரணம் வேண்டும்?

அக்கா

பின்குறிப்பு: பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா என்றும் விசாரி. சும்மா, ஒரு தைரியத்துக்கு.

மார்ச் 11

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படி கூடாது, வாடை கூடாது, ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும். போன மாதம் சட்டைகளைப் பிடித்துத் தைத்தேன் என்றீர்கள். போன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்றீர்கள்.

அக்கா, பெரியவருக்கு என்ன?

பதில் போடுங்கள். ஊரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கச்சி

ஏப்ரல் 18

தங்கச்சிக்கு,

ஐந்து வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அதில் ஒன்றில் இரண்டு பக்கம் திரைச்சீலை வாங்கின கதையை எழுதியிருந்தேன்.

கணையத்தில். காத்திருந்து, பார்த்திருந்து, வயிற்று வலி என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்து, மழைக்காலம் முடியும்போதுதான் ஸ்கேன் எடுத்தோம். நோயின் பெயரை நான் எழுதமாட்டேன், உனக்கே தெரியும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள். முடி போய்விட்டது. விரல் நுனிகள் மரத்துப்போய், செம்புக் கம்பியைத் தொட்டால் தொட்டது தெரியவில்லையாம். கடையைப் பூட்டிவிட்டார். இந்த வருஷக் கடைசியைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

கொழுந்தனாருக்குச் சொல்லிவிடாதே. இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "பாவம் பாத்து வர்றதா இருந்தா அவன் வரவே வேணாம்" என்கிறார். தானாக வர வேண்டுமாம். தானாக எப்படி வருவார்? நீதான் ஏதாவது செய்ய வேண்டும். மே மாதம் தாண்டினால் பயணம் பண்ணத் தெம்பு இருக்குமா தெரியாது.

எனக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் வருவதில்லை.

அக்கா

ஏப்ரல் 28

அன்பு அக்காவுக்கு,

முதலில் திட்டி முடியுங்கள், பிறகு படியுங்கள். சொல்லிவிட்டேன்.

மத்தியான இடைவேளையில் டெப்போவுக்குப் போனேன். இவர் கூண்டுக்குள் உட்கார்ந்து பஸ் புறப்படுகிற நேரத்தைப் பதிந்துகொண்டிருந்தார். "பெரியவருக்கு உடம்பு சரியில்ல" என்றேன். "என்ன உடம்பு?" என்றார், தலையைத் தூக்காமல். சொன்னேன். அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. நேரத்தை வேறு கட்டத்தில் எழுதினார். அடித்துவிட்டு மறுபடியும் தப்பாக எழுதினார். பதினேழு வருஷத்தில் அவர் ஏட்டில் ஒரு அடித்தல் நான் பார்த்ததில்லை.

மறுநாள் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பையோடு கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. திரும்பி வந்து ஒரு நோட்டை என் முன்னால் போட்டார். ஐந்து ஊர்களுக்குப் போய் வந்திருக்கிறார்! நாலை அடித்துவிட்டு மிச்சம் வைத்திருக்கிற ஊரைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"ரயிலடியிலிருந்து விடுதி ஆறு நிமிஷம். தரைத் தளம். வாசலிலிருந்து தண்ணீர் வரை என் நடையில் நாலு நிமிஷம், மெதுவாக நடந்தால் ஒன்பது. சிமெண்டுப் பாதை, படி இல்லை. நடுவில் இரண்டு பெஞ்சு. ஆஸ்பத்திரி பதினொரு நிமிஷம், ரயில்வே கேட் மூடியிருந்தால் பதினேழு. மீன் காயப்போடும் இடம் காற்றுக்கு எதிர்ப்பக்கம், வாடை வராது."

"ஊர் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அழகே இல்ல. கடல் சேறு கலர்ல இருக்கு. ஒருத்தனும் லீவுக்கு வரமாட்டான்" என்றார். கடலோரத்தில் இருந்தும் இவ்வளவு உப்புச் சப்பில்லாத ஊர் கிடையாதாம்.

பெரியவருக்குத் தபால் அட்டை போட்டிருக்கிறார். தனக்கு விஷயம் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று எனக்குக் கட்டளை. நீங்களும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

தங்கச்சி

மே 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன், சமையலறையில் நின்று. பிறகு அட்டை வந்தது.

"மே 14 முதல் 19 வரை அறை போட்டிருக்கிறேன். ஐந்து பேர். வரவும்." கீழே கையெழுத்து. அன்புள்ள இல்லை, நலமா இல்லை. இவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ரயில்வேலேர்ந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கு" என்றார். சிரித்தார், நான் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது அந்தச் சிரிப்பை. சிரித்ததில் வலி எடுத்து, தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டார். "நீ சொல்லிட்டியா?" என்று கேட்டார். "நான் சொல்லல" என்றேன். அது பொய் இல்லையே.

மருந்து ஏற்றுவதை ஒரு வாரம் தள்ளிப்போடக் கேட்டிருக்கிறோம். டாக்டர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரயிலடியில் பார்ப்போம். பாப்பாவிடம் பெரியப்பாவின் முடியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடு.

அக்கா

மே 27

அன்பு அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். பெரியவருக்குப் பயண அலுப்பு தீர்ந்ததா? சாப்பாடு இறங்குகிறதா?

எனக்கு இன்னும் அந்த ரயிலடிதான் கண்ணில் நிற்கிறது. நீங்கள் கைத்தாங்கலாக இறக்கிவிட்டீர்கள். ஆறு வருஷம் கழித்து அண்ணனைப் பார்க்கிற மனுஷர் என்ன சொன்னார் பாருங்கள்: "ரயில் பன்னெண்டு நிமிஷம் லேட்டு." பெரியவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ இன்னும் திருந்தலையாடா?" என்றார். அவ்வளவுதான் சமாதானம். பாப்பா போய்ப் பெரியப்பாவின் பையை வாங்கிக்கொண்டாள்.

ஐந்து நாளும் வானம் மூடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு அழகில்லாத கடலை நான் பார்த்ததில்லை. அந்த மடக்கு நாற்காலியை எனக்காகத்தான் தூக்கி வருவதாக இவர் தினமும் சொன்னார். ஒரு நாளாவது நான் அதில் உட்கார்ந்தேனா? இருவரும் கடலைப் பார்த்தபடி பஸ்ஸையும் மோட்டாரையும் பேசினார்கள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாலாம் நாள் சாயங்காலம் நீங்கள் கண் அசந்திருந்தீர்கள். தூறல் விழ ஆரம்பித்தும் இருவரும் எழுந்து வரவில்லை. குடை எடுத்துக்கொண்டு போனேன். இவர் கையைக் காட்டி என்னைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். அறைக்கு வந்ததும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. கேட்டால், "காத்துல மணலு" என்கிறார். நனைந்த மணல் எப்படிப் பறக்கும்?

அங்கே என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

தங்கச்சி

ஜூன் 16

தங்கச்சிக்கு,

இவர் கட்டிலோடு ஆகிவிட்டார். மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் கண்ணுக்கு ஏறிவிட்டது. நான் ஆலைக்கு லீவு போட்டிருக்கிறேன்.

நீ கேட்டதை நேற்றுதான் சொன்னார். எழுதுகிறேன்.

"அப்பாவுக்கு நீ கையெழுத்துப் போட்டே. எனக்கும் நீதான் போடணும்" என்றாராம். கொழுந்தனார், "வாயை மூடு" என்றாராம். "உன் அண்ணியால முடியாதுடா. கடைசி நூல் வரைக்கும் புடிச்சுக்கிட்டு நிப்பா. நான் குழாயும் கையுமா மாசக்கணக்கா கிடப்பேன். நீதான் நேரம் பாத்து, போதும்னு சொல்லுவே" என்றிருக்கிறார். கொழுந்தனார், "அன்னைக்கு நீ என்னைச் சொன்னதை முதல்ல திருப்பி வாங்கு" என்றாராம். அதற்கு இவர், "திருப்பி வாங்கினா மட்டும் நீ மறந்துடுவியா? அதான் இதைக் கேக்குறேன்" என்றிருக்கிறார்.

கடைசியில் கொழுந்தனார், "சரி" என்றாராம்.

இதற்காகத்தான் கடல் பார்க்க ஆசைப்பட்டாரா என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள உக்காந்து இதைக் கேக்க முடியுமா? எதிரெதிரே உக்காந்து மூஞ்சியைப் பாக்கணுமே. அங்கே ரெண்டு பேருக்கும் பாக்க வேற ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

கோபமா, துக்கமா, எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் கூட இருந்தவளால் முடியாது என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

தகவல் சொல்கிறேன். சீக்கிரம் கிளம்புகிறமாதிரி இருங்கள்.

அக்கா

ஆகஸ்ட் 14

அன்பு அக்காவுக்கு,

பெரியவர் போய் மூன்று வாரம் ஆகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே வாய் வரவில்லை. சாப்பிடுகிறீர்களா? பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார்களா?

இங்கே இவர் வேலைக்குப் போகிறார், வருகிறார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் குழாயை எடுக்க டாக்டர் தாளை நீட்டியபோது இவர் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தார். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "அண்ணி" என்றார். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். கிளம்பும்போது எனக்கும் பாப்பாவுக்கும் விடை கொடுத்தீர்கள். அவரிடம் பேசவில்லை.

அந்த நேரத்தில் யாருக்கு என்ன நினைவு இருக்கும் என்று நான் இவருக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, "அண்ணிகிட்டேர்ந்து ஏதாவது வந்துச்சா?" என்று மட்டும் கேட்கிறார்.

நாலு வரி எழுதுங்கள் அக்கா.

தங்கச்சி

செப்டம்பர் 22

அக்காவுக்கு,

பாப்பாவும் நானும் நலம். இரண்டு தடவை போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இவர் இப்போது கடைக்கு வந்து கேட்பதை நிறுத்திவிட்டார். வாசல் வரை வந்து, கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை.

தங்கச்சி

நவம்பர் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் மேஜையில்தான் இருக்கின்றன. நான் இருக்கிறேன். ஆலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஒரு வேளை சாப்பாடு இறங்குகிறது. உங்கள் மூன்று பேருடைய உடம்பும் எப்படி?

நான் ஏன் எழுதவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் இனி எப்போதும் எழுத மாட்டேன்.

கொழுந்தனார் பேனாவை மூடிவிட்டு என்னிடம் வந்தாரே, அப்போது என் வாயில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. இவர் அன்றைக்கு வராந்தாவில் கத்தின அதே வார்த்தை. பாவி, தொண்டை வரை வந்துவிட்டது. அங்கேயே இன்னும் ஒரு நொடி இருந்தால் துப்பியிருப்பேன். அதனால்தான் எழுந்து போனேன். இவர் கேட்டு, கொழுந்தனார் ஒப்புக்கொண்டு, எல்லாம் எனக்குத் தெரிந்து நடந்தது. தெரிந்தும் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. உன் உறையைப் பிரிக்கும்போதெல்லாம் வந்தது. அதை வைத்துக்கொண்டு உனக்கு 'நலம்' என்று எப்படி எழுதுவேன்?

ஆறு வருஷம் இவர் ஏன் தம்பியோடு பேசவில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. தம்பிதான் கொன்றார் என்று இவர் ஒரு நாளும் நம்பவில்லை. அவ்வளவு பெரிய துக்கத்தைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர் தலையில் இறக்கிவிட்டார். பிறகு திரும்ப எடுக்க வெட்கம். நான் கத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பேசாமல் இருந்தே இறக்கி வைத்துவிட்டேன்.

கொழுந்தனாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. மறைக்காதே. பிறகு அவரை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பு. நீயும் பாப்பாவும் அடுத்த வாரம் வாருங்கள். இடையில் நீ இருந்தால் நான் உன்னோடு பேசியே பொழுதைக் கழித்துவிடுவேன்.

எந்த ரயில் என்று மட்டும் எழுது. நான் ரயிலடிக்கு வருகிறேன். அவர் இறங்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியுமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் வந்து நிற்பேன்.

அக்கா